நாய்க்குப் பிசைந்த கை

தம்பி,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. எனக்காக இரண்டு தரமும் அம்மாவுக்காகச் சத்தமாக ஒரு தரமும் படித்தேன். சுகம் விசாரிப்பதை இந்தத் தடவை விட்டுவிடுகிறேன். நாங்கள் இருக்கிறோம். அம்மாவின் முழங்கால் அவளைப் படியேற விடவில்லை, மடுல்சீமை மழை யாரையும் வெளியே விடவில்லை, வேறு செய்தி இல்லை. நீ இரண்டு கேள்வி கேட்டிருந்தாய். கொழும்பில் நீ சமைக்கிற வீட்டு நோனா, தன் இரண்டு நாய்களுக்கும் பச்சைக் கறியையும் பாக்கெட்டில் வருகிற காய்ந்த தீனியையும் கலந்து போடச் சொல்கிறார், நாய்களுக்கு வயிறு இளகி வீடெல்லாம் நாறுகிறது, 'எங்கப்பா துரை பங்களாவுல நாய் பார்த்தவர், அவருகிட்ட கேட்டுச் சொல்றேன்' என்று அவரிடம் பெருமையாகச் சொல்லிவிட்டாய், எப்படிக் கலக்க வேண்டும் என்பது ஒன்று. இரண்டாவதைக் கடிதத்தின் அடியில் சின்ன எழுத்தில் எழுதியிருந்தாய். 'நான் இப்ப இங்க மாட்டுக்கறியும் சாப்பிடுறேன் அப்பா. உங்களுக்கு அருவருப்பா இருக்கும்னு தெரியும். திருவிழாவுக்கு வீட்டுக்கு வரட்டுமா, வேணாமா, மறைக்காம எழுதுங்க.' சத்தமாகப் படிக்கும்போது இதற்கு முன்னால் நிறுத்திவிட்டேன். அம்மா, "என்னங்க, மேல படிங்க" என்றாள். படித்தேன். அவள் அடுப்பை ஊதப் போய்விட்டாள்.

முதல் கேள்விக்கு முதலில் பதில், ஏனென்றால் அது சுலபம். இரண்டையும் முதல் நாளிலேயே பாதிக்குப் பாதி போட்டால் எந்த நாய்க்கும் வயிறு கெடத்தான் செய்யும். முதல் வாரம் தீனி முக்கால், கறி கால். கெட்டியாகப் போகிறதா என்று தினமும் காலையில் குனிந்து பார்க்க வேண்டும், முகம் சுளித்தால் இந்த வேலை நடக்காது. கெட்டியாகப் போனால் கறியைக் கொஞ்சம் கூட்டு. கறியைப் பெருவிரல் அளவுக்கு நறுக்கு, கொழுப்பை வழித்து எறி. காய்ந்த தீனியை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து நன்றாக ஆறவிடு. சூட்டோடு பச்சைக் கறிமேல் கொட்டினால் அது அரைவேக்காடாகிப் பிணவாடை அடிக்கும். கரண்டியால் கிண்டாதே. கரண்டியால் கிண்டினால் நாய் கறியை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டு மற்றதை மூக்கால் தள்ளிவிடும். கையைவிட்டுப் பிசைய வேண்டும், கறியின் ரத்தம் தீனிக்குள் இறங்குகிற வரைக்கும், விரல் இடுக்கெல்லாம் கொழகொழவென்று ஆகிற வரைக்கும். பிறகு சட்டியையும் பலகையையும் கொதிநீர் ஊற்றிக் கழுவு. உங்கள் சமையல் கத்தி வேறு, அந்தக் கத்தி வேறாக இருக்கட்டும். போதுமா? இதை எழுதும்போதே என் வலது கை நாறுகிறது. பத்து வருஷம் ஆகிறது நான் அந்த வேலையை விட்டு. சீ, இன்னும் நாறுகிறது.

பங்களாவில் எனக்கு அந்த வேலை எப்படி வந்தது என்று நீ கேட்டதில்லை. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும்போது காலில் கத்தி பட்டு, சில மாதம் மலை வேலைக்குப் போக முடியாமல் போனது. தோட்டத்துத் துரை இரக்கப்பட்டு பங்களாவுக்கு எடுத்தார். அவரிடம் மூன்று பெரிய நாய்கள். வாரத்தில் மூன்று நாள் நான் தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு பசறைக்கு இறங்கிப்போய், இறைச்சிக்கடையில் மாட்டுக்கறி வாங்கி, அதே பாதையில் ஏறி வர வேண்டும். பெட்டிக்குள் வாழையிலை போட்டாலும் ரத்தம் ஒழுகும். காதுக்குப் பின்னால் இறங்கி, கழுத்தில் காய்ந்து, வெயிலில் இழுக்கும். ஈ எனக்கு முன்னால் வந்து காத்திருக்கும். எங்கள் குடும்பத்தில் அதுவரை யாரும் மாட்டுக்கறியைக் கையால் தொட்டதில்லை. வரிசை வீட்டு லயத்துக்குள் நுழையுமுன்னே பீலியில் கொட்டுகிற தண்ணீரில் நின்று, மார்கழிக் குளிரானாலும் தலையோடு குளித்து, உடுப்பை அங்கேயே அலசி, ஈரத்தோடுதான் நம் ஒற்றைக் காம்பராவுக்கு வருவேன். ஊர் என்னைக் குறைவாகப் பேசக் கூடாது என்பதில் எனக்கு வெறி. 'பங்களாவில் என்ன தொட்டாலும் என் வாசல்படி சுத்தம்' என்று நானே போகிற வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டு திரிவேன். கேட்காதவனிடமும் சொல்வேன்.

துரைசாணிக்கு நாய் விஷயத்தில் ஒரு புத்தகம் உண்டு. காலையில் வெறும் பச்சைக் கறி, மாலையில் கறி பாதி, பிஸ்கட் பாதி. சீமையிலிருந்து டின்னில் வந்த பிஸ்கட் அது. நான் பிசையும்போது பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "நல்லா பிசை, நல்லா பிசை, கட்டி இருக்கக் கூடாது" என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொல்லிக்கொண்டே இருப்பார். நாய் பட்டினி கிடந்தால் அந்த அம்மாள் உண்மையிலேயே அழுவார், நான் பார்த்திருக்கிறேன். அப்புறம் அந்தப் பஞ்சம் வந்தது. உனக்கு அப்போது ஐந்து வயது. வெளிநாட்டுச் சாமான் எல்லாம் நின்றது, டின் பிஸ்கட்டும் நின்றது. லயத்துக்குக் கொடுக்கிற அரிசியும் மாவும் சுருங்கிச் சுருங்கி, கடைசியில் ஒரு நேரத்துக்கும் காணாது என்று ஆனது. சனங்கள் மரவள்ளித் தோலை அவித்தார்கள், கொழுந்து பறிக்கிற கையோடு கீரை என்று எதையெதையோ பறித்து வந்தார்கள். பங்களாவில் மட்டும் துரைசாணி அழவில்லை. புத்தகத்தைப் புரட்டி, பிஸ்கட்டை வீட்டிலேயே சுடலாம் என்று கண்டுபிடித்துவிட்டார். கோதுமை மாவு, இடித்த எலும்புத்தூள், கொஞ்சம் மாட்டுக் கொழுப்பு. மாவு எங்கிருந்து? தோட்டத்து ஸ்டோரிலிருந்து. துரை எழுதிக் கொடுத்த துண்டைக் கொண்டுபோய் மாவு வாங்கி வந்தவன் யார்? நான்தான். ரேஷனுக்கு வரிசையில் நிற்கிற பொம்பளைகளைத் தாண்டி உள்ளே போய், மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு வெளியே வருவேன். ஒரு நாள் நம் பக்கத்துக் காம்பரா அஞ்சலை அக்கா, "நாய்க்குப் போக மிச்சம் இருந்தா சொல்லுங்கண்ணே" என்றாள். வரிசையே சிரித்தது. எனக்குக் கோபம் வந்தது. அவள்மேல் வந்தது, துரைமேல் வரவில்லை. அந்தப் புத்தி எனக்கு அப்படித்தான் இருந்தது.

பசறையில் கறி வெட்டுகிற முஸ்லிம் அண்ணனை நானா என்றுதான் கூப்பிடுவோம், நல்ல மனுசன். என் முகம் ஒட்டிப்போனதைப் பார்த்து ஒரு நாள் ஒரு பொட்டலத்தை நீட்டினார். "இது மாடு இல்ல, ஆட்டெலும்பு. புள்ளைக்குச் சூப்பு வச்சுக் குடுங்க" என்றார். நாம் ஆட்டுக்கறி தின்கிறவர்கள்தான். அப்படியிருந்தும் நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அதே கட்டை, அதே கத்திதானே நானா." அவர் பொட்டலத்தைக் கீழே வைத்தார். "புள்ளை கட்டையையா திங்கப் போகுது?" என்று கேட்டார். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அன்று இரவு உங்கள் அம்மா உனக்குக் கஞ்சித் தண்ணீரில் உப்புப் போட்டுக் கொடுத்தாள். நான் ஆட்டெலும்பு சங்கதியை அவளிடம் சொல்லவில்லை. இன்றைக்குத்தான், இந்தக் கடிதத்தை எழுதுகிறபோதுதான் சொன்னேன். "அதையும் வேணாம்னா சொன்னீங்க?" என்று கேட்டாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அந்த வருஷம் மாரியம்மன் திருவிழாவுக்குக் கரகம் தூக்குகிற முறை எனக்கு வந்தது. எங்கள் ஐயா தூக்கினது, அவருக்கு முன்னால் அவர் ஐயா தூக்கினது. கோயிலில் கூட்டம் போட்டபோது ஒருத்தன் எழுந்து, மாட்டுக்கறி சுமக்கிறவன் தலையில் அம்மனை எப்படி ஏற்றுவது என்று கேட்டான். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. என் வீட்டு அடுப்பைப் போய்ப் பாருங்கள், பங்களாத் துணுக்கு ஒன்று என் வாசல் தாண்டியிருந்தால் நான் கரகத்தைத் தொடவில்லை என்று கத்தினேன். நம் தோட்டத்துத் தலைவர் வயசானவர், எல்லாருக்கும் நல்லவர். யோசித்து, "சரி, காப்புக் கட்டின நாளிலிருந்து பங்களாப் பொருள் ஒரு பருக்கை உங்க வீட்டுக்குள்ள வரக் கூடாது. வந்துச்சுன்னு தெரிஞ்சா கரகம் வேற ஆளுக்கு" என்று தீர்ப்புச் சொன்னார். நான் தலையை நிமிர்த்திக்கொண்டு வந்தேன். பிள்ளை ஒட்டிப்போய்க் கிடக்கிறான், ஊரே பட்டினி, எனக்கு அந்த நேரத்தில் அது ஒரு வெற்றியாக இருந்தது, தம்பி. காப்புக் கட்டிய கையோடு மறுநாள் பங்களாவுக்குப் போனேன். இடுப்பில் மஞ்சள் துணியைச் சுற்றிக்கொண்டு நாய்க்குப் பிசைந்தேன். துணியில் ரத்தம் படக் கூடாது என்பதுதான் என் கவலை.

கரகம் தூக்குகிற அன்று மத்தியானம் பங்களாவிலிருந்து குளித்துவிட்டு வந்தேன். நீ வாசலில் உட்கார்ந்து எதையோ மென்றுகொண்டிருந்தாய். கன்னம் இரண்டும் உப்பியிருந்தது. நான் கிட்டே வந்ததும் வாயைப் பொத்திக்கொண்டாய். கையை விலக்கிப் பார்த்தால், நான் முந்தின நாள் சுட்ட அந்தப் பழுப்பு பிஸ்கட். அந்த வாசனை எனக்குத் தெரியாதா? உங்கள் அம்மா பங்களாவுக்கு விறகு கொண்டுபோனவள், ஒரு நாய்க்குச் சுகமில்லாமல் தின்னாமல் விட்ட தட்டிலிருந்து நாலைந்து பிஸ்கட்டை எடுத்துக் கழுவி மடியில் கட்டி வந்திருக்கிறாள். "நாய் வாய் வைக்கலைங்க, கழுவிட்டேன்" என்றாள். "காப்புக் கட்டியிருக்கேன்டி" என்றேன். "நீங்கதானே கட்டியிருக்கீங்க, புள்ளை கட்டலையே" என்றாள். அவள் என்னை எதிர்த்துப் பேசியது அதுவரைக்கும் அது ஒன்றுதான்.

இனி எழுதப்போவது உனக்கு ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ, தெரியவில்லை. உன் தோளைப் பிடித்துப் பீலிக்கு இழுத்துப் போனேன். லயத்து ஆட்கள் எல்லாம் திருவிழாவுக்குக் குளிக்க வந்து நின்றார்கள். அவர்கள் பார்க்க வேண்டும் என்றுதான் அங்கே இழுத்துப் போனேன், வேறு எதற்கும் இல்லை. உன் தலையை இடது கையால் அமுக்கி, வலது கை விரல் இரண்டை உன் தொண்டைக்குள் விட்டேன். தினமும் நாய்க்குக் கறி பிசைகிற அதே விரல். நீ கடித்தாய், நான் எடுக்கவில்லை. உனக்கு வாந்தி வந்தது. இரண்டு நாளாக உள்ளே போயிருந்தது அது ஒன்றுதான், அதுவும் வெளியே வந்தது. லயத்து நாய் ஒன்று ஓடி வந்து அதை நக்கியது. நான் நிமிர்ந்து, எல்லாரும் பார்த்தீர்களா என்கிற மாதிரி சுற்றிலும் பார்த்தேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லாருடைய கண்ணும் அந்த நாய் நக்குகிற இடத்திலேயே இருந்தது. அஞ்சலை அக்கா இடுப்புப் பிள்ளையோடு உங்கள் அம்மாவிடம் போய், மெதுவாக, "அக்கா, மடியில இன்னும் இருக்கா?" என்று கேட்டாள். அம்மா முடிச்சை அவிழ்த்து மிச்சத்தைக் கொடுத்தாள். பொம்பளைகள் நாலு பேர் அந்த இடத்திலேயே உடைத்துப் பிள்ளைகள் வாயில் வைத்தார்கள். ஒருத்தரும் சீ என்று சொல்லவில்லை. என்னைத் தவிர அந்தத் தோட்டத்தில் யாருக்கும் அருவருப்பு மிச்சம் இல்லை.

அப்போதாவது எனக்குப் புத்தி வந்ததா? இல்லை. திரும்பக் குளித்து, பூசி, கரகம் எடுக்கத் தயாரானேன். கோயிலுக்குப் பின்னால் நம் தலைவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கரகத்தை வேறு ஆளுக்குக் கொடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, "அந்த பிஸ்கட்டு நாளைக்குக் கொஞ்சம் கொண்டாற முடியுமா? பேத்திக்கு ஒண்ணுமே தங்க மாட்டேங்குது, கஞ்சியும் இல்ல" என்றார். தீர்ப்புச் சொன்ன அதே மனுசன். கையைக் கூப்பிக்கொண்டு நின்றார். நான், "காப்பு அவுக்கிற வரைக்கும் பங்களாப் பொருளை நான் கொண்டாறக் கூடாதுங்க, நீங்கதானே சொன்னீங்க" என்றேன். அவர் வாயை நானே அவர் சொல்லால் அடைத்தேன். அவர் தலையாட்டினார், போய்விட்டார். அன்று சாயங்காலம் நான் கரகத்தோடு லயம் லயமாக ஆடி வந்தேன். ஒவ்வொரு வாசலிலும் என் காலில் தண்ணீர் ஊற்றி மஞ்சள் பூசினார்கள், அவரும் பூசினார். காப்பு அவிழ்க்க இன்னும் ஐந்து நாள் இருந்தது. பேத்திக்கு அவ்வளவு நாள் இல்லை. அந்த ஐந்து நாளும் பங்களாவில் நான் தட்டுத் தட்டாக பிஸ்கட் சுட்டேன். நாய்கள் தின்னாமல் விட்டதை எருக்குழியில் கொட்டினேன். எங்கள் நாய்களின் ரோமம் பளபளப்பதைப் பார்த்து, விருந்துக்கு வந்த வெள்ளைக்காரர்கூட அதிசயப்பட்டார், துரைசாணி என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். நான் சிரித்துக்கொண்டு நின்றேன்.

அதற்குப் பிறகும் ஐந்து வருஷம் அங்கேயே வேலை செய்தேன். கோபித்துக்கொண்டு விட்டு வந்தேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. துரை மாறிப் போனார், நாய்களையும் கொண்டு போனார், அதனால் வேலை போனது. உன்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அந்த நாளிலிருந்து இன்றுவரை நீ என் கையிலிருந்து எதையும் வாயில் வாங்கியதில்லை. பொங்கலுக்கு உருண்டை பிடித்து நீட்டினால் கையில் வாங்கி வைத்துக்கொள்வாய், அப்புறம் தின்பாய். காய்ச்சலில் மாத்திரை கொடுத்தாலும் அம்மாவைத் தேடுவாய். ஊரில் கேட்டால் அவன் கூச்சக்காரன் என்று நானே சொல்லியிருக்கிறேன். கொழும்புக்கு நீ பஸ் ஏறின அன்று, வழியில் தின்னச் சொல்லி ரொட்டித் துண்டு ஒன்றை உன் வாய்க்கிட்டே கொண்டுவந்தேன். இருபது வயசுப் பிள்ளை, முகத்தைப் பின்னுக்கு இழுத்தாய். பிறகு வெட்கப்பட்டுச் சிரித்து, கையை நீட்டினாய். உனக்குக் காரணம் தெரியாமலே இருக்கலாம். எனக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியும்.

இந்த நிலைமையில், எனக்கு அருவருப்பாக இருக்குமா, வரட்டுமா வேண்டாமா என்று நீ என்னைக் கேட்கிறாய். யாரைப் பார்த்து யார் கேட்பது? இதை எல்லாம் மறைத்து, 'பரவாயில்லை, வா, ஆனால் வீட்டில் மட்டும் அதைத் தின்னாதே' என்று பெரிய மனசு பண்ணி நாலு வரி எழுதலாம் என்றுதான் முதலில் உட்கார்ந்தேன். எழுதியும்விட்டேன். அம்மா வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். "எழுதுறதா இருந்தா முழுசா எழுதுங்க, இல்லாட்டி எழுதாதீங்க. அவன் வராம இருக்கிறதே நல்லது" என்றாள். அந்தத் தாளைக் கிழித்து அடுப்பில் போட்டேன். உன் நோனாவின் வேலையை விடு என்று நான் சொல்லவில்லை. நாய் பாவம், அது என்ன செய்தது? வயிறு நிறையப் போடு. ஆனால் அந்தத் தெருவில் ஒரு பிள்ளை பசியோடு நின்றால், கழுவின கையா, கழுவாத கையா என்று யோசித்துக்கொண்டு நிற்காதே. என்னைப் போல ஆகாதே என்று சொல்லத்தான் இவ்வளவும். வேறு புத்திமதி சொல்ல எனக்கு வாயில்லை.

வா, தம்பி. வரும்போது நீ அங்கே எதைத் தின்கிறாயோ அதைச் சமைத்துக் கொண்டு வா, இல்லாவிட்டால் பசறையில் நானாவின் கடையில் வாங்கிக்கொண்டு வா, அவர் மகன்தான் இப்போது வெட்டுகிறான். அம்மா அடுப்பு தருகிறேன் என்று சொல்லிவிட்டாள், சட்டியும் எடுத்து வைத்துவிட்டாள். வாசலில் யார் எட்டிப் பார்த்தாலும் பார்க்கட்டும். நீ சமைத்து, நீ பிசைந்து, உன் கையால் எனக்கு ஒரு வாய் ஊட்டு. இந்த வயதில் எனக்குக் குமட்டும், அதை மறைக்க மாட்டேன். குமட்டினாலும் விழுங்கிவிடுவேன். எந்த நாள் பஸ் ஏறுகிறாய் என்று மட்டும் எழுது.

உன் அப்பா